ஏரிக்கரையில் டென்ட்டா, ஏலகிரியில் காட்டேஜா? ஜனவரி கடைசி வாரம், ஆறு பேர்

மேடவாக்கம்_மணி:
பெரியவங்க மூணு பேர், பிள்ளைங்க ரெண்டு, முழங்கால் வலியோட 68 வயசு அம்மா. ஜனவரி கடைசி சனி, ஞாயிறு. ரெண்டு யோசனை இருக்கு. ஒண்ணு, மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரியை ஒட்டின மாந்தோப்பு. பட்டா நிலம், தோப்புக்காரர் சம்மதிச்சிட்டார், டென்ட் போடலாம். இன்னொண்ணு, ஏலகிரியில் புங்கனூர் ஏரிக்கு நடக்கிற தூரத்தில் மரக் காட்டேஜ். எது சரி? காரணத்தோட சொல்லுங்க.

வேப்பேரி_வாசு:
முழங்கால்னு எழுதினப்பவே விடை வந்துடுச்சு. டென்ட்டுக்குள்ள குனிஞ்சு, தவழ்ந்துதான் போகணும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கிறவங்களுக்கு அது தண்டனை. ஏரிக்கரைன்னா பாம்பு வேற. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குறவங்களைத்தான் கடிக்கும். கடிச்ச இடத்துல வலி, வீக்கம் அதிகம் இருக்காது. விடியும்போது வயித்து வலி, இமை தொங்கல்னு வந்த பிறகுதான் தெரியும். காட்டேஜ்ல கட்டில் இருக்கு, கதவு இருக்கு. வேற பேச்சே வேண்டாம்.

மதகடி:
பாம்பு வாதம் தலைகீழா இருக்கு, வாசு சார். கட்டுவிரியன் கடிக்கிறது பாய் விரிச்சு திண்ணையில படுக்கிறவங்களை. தரையோட சேர்த்துத் தைச்ச டென்ட்டில் ஜிப்பை முழுசா மூடினா உள்ளே வர வழியே இல்லை. செருப்பை வெளியே விடக்கூடாது, சோத்துப் பாத்திரத்தைப் பக்கத்துல வைக்கக்கூடாது (எலி வரும், எலி பின்னாலயே பாம்பு வரும்), இறங்கும்போது டார்ச் கட்டாயம். மரக் காட்டேஜில் கதவுக்கு அடியில் ரெண்டு விரல் இடைவெளி இருந்தா அதுதான் ஆபத்து.

மணி, இடம் எதுங்கிறதுதான் முக்கியம். நம்ம ஏரி மலை ஏரி மாதிரி கிண்ணம் இல்லை. ஒரு பக்கம் மண் கரை, அதுக்குக் கீழே ஆயக்கட்டு வயல் (ஏரித் தண்ணி பாயுற வயல்), எதிர்ப்பக்கம் மெல்லச் சரியுற நீர்ப்பிடிப்பு. கரை மேல டென்ட் போடக்கூடாது: அரசு நிலம், ஆணி அடிச்சா கரைக்கும் கேடு, சரிவுல எலி வளை நிறைய. கலங்கலுக்கு (ஏரி நிரம்பினா தண்ணி வழியுற இடம்) கீழே போகிற வாய்க்காலும் வேண்டாம். மிச்சம் நீர்ப்பிடிப்பை ஒட்டின மேட்டு நிலம்தான். தோப்பு அந்தப் பக்கமா, ஆயக்கட்டுப் பக்கமான்னு முதல்ல கேளுங்க. ஆயக்கட்டுப் பக்கம்னா ஜனவரியிலும் நிலம் ஈரமா இருக்கும், கொசு பிடுங்கி எடுத்துடும். ஏரியும் கண்ணுக்குத் தெரியாது, கரைதான் தெரியும்!

வேப்பேரி_வாசு:
நீர்ப்பிடிப்பு பக்கம்னா ராத்திரி தண்ணி ஏறினா?

மதகடி:
சரிவு 200 அடிக்கு ஒரு அடின்னு வச்சுக்கோங்க. அரை அடி ஏறினா 100 அடி முன்னால வந்துடும். அதனாலதான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே கூடாதுன்னு சொல்றேன். ஜனவரி கடைசியில வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், மதகு திறந்து பாசனத்துக்குத் தண்ணி போகும், மட்டம் இறங்குமே தவிர ஏறாது. தொல்லை வேற. தண்ணி இறங்கின இடத்துல சேத்து வளையம் இருக்கும். மேலே காய்ஞ்ச ஓடு மாதிரி தெரியும், கால் வச்சா முட்டி வரை இறங்கும். பிள்ளைங்களைத் தனியா தண்ணிப் பக்கம் விடாதீங்க. டென்ட் தண்ணியிலிருந்து 200 அடியாவது தள்ளி, புல் முளைச்ச மேட்டில.

டென்ட்டோட கூட வர்ற மெல்லிய கம்பி ஆணி வண்டல் மண்ணுல நிக்காது. ஒரு அடி நீள ஆணி வாங்குங்க, தலை டென்ட்டிலிருந்து விலகிச் சாயுற மாதிரி அடிங்க. அடியில் விரிக்கிற தார்ப்பாய் டென்ட் தரையைவிட நாலு விரல் உள்ளே மடங்கணும். வெளியே நீட்டினா பனித்தண்ணி வழிஞ்சு அதுலயே தேங்கும். வாடை வடகிழக்கிலிருந்து வரும், வாசலைத் தென்மேற்கா வைங்க. அதுக்காக எல்லா ஜன்னலையும் அடைக்காதீங்க. ஒரு ஆள் மூச்சுலயும் வேர்வையிலயும் ஒரு ராத்திரிக்கு கால் லிட்டருக்கு மேல ஈரம் விடுறார். காத்து போகலைன்னா விடியும்போது மேல்துணியிலிருந்து சொட்டும். 'மழை பெய்ஞ்சு ஒழுகுது'ன்னு டென்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறவங்க பாதிப் பேருக்கு நடக்கிறது இதுதான். 'நாலு பேர் டென்ட்'னு எழுதியிருந்தா பையோட மூணு பேர்னு கணக்கு. ஆறு பேருக்கு ரெண்டு வேணும்.

அம்பத்தூர்_அருண்:
இவ்ளோ தூரம் எதுக்கு? செம்பரம்பாக்கம், பூண்டி ஓரமா போட்டா ஆச்சு.

மதகடி:
தம்பி, ரெண்டும் சென்னைக்குக் குடிதண்ணி தர்ற நீர்த்தேக்கம். அங்கே கூடாரம் போட்டா எழுப்பி அனுப்பிடுவாங்க. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயம், அதையும் மறந்துடுங்க. சின்ன ஏரின்னாலும் மீன் குத்தகை எடுத்தவர் ஆள் ராத்திரி காவல் சுத்துவார். பகல்லயே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லைன்னா மீன் திருட வந்த கும்பல்னு நினைச்சு நடுராத்திரி டார்ச் அடிப்பார்.

திருப்பத்தூர்_தேவி:
காட்டேஜ்னு சொன்னா போதுமா, வாசு அண்ணே? 'ஏரிக்குப் பக்கம்'னு படத்துல ஏரி இருக்கும், போனா ரெண்டு கிலோமீட்டர். மேப்பில் இடத்தைப் போட்டு அனுப்பச் சொல்லுங்க. ஏலகிரி ஏறுறதுக்கு 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முன்னாடியே மாத்திரை. மேலே 1,000 மீட்டருக்கு மேல, சென்னையை விட ஏழெட்டு டிகிரி குறையும், அம்மாவுக்குக் கம்பளி வேணும். ஜன்னல்ல வலை இருக்கா, கழிப்பறை வெஸ்டர்னா, கைப்பிடி இருக்கா, வாசலுக்கு எத்தனை படின்னு கேளுங்க. முக்கோணக் கூரை குடில்ல பல இடத்துல படுக்கை மாடியில, ஏணி வச்சு ஏறணும். முழங்காலுக்கு டென்ட்டை விட மோசம். உள்ளே கரி அடுப்பு மூட்டி குளிர் காயவே கூடாது. புகை அடங்கினாலும் கங்கிலிருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டென்ட்டுக்கும் அதே விதி.

ரயில்ல ஜோலார்பேட்டை வந்து ஏறப்போறீங்கன்னா கேஸ் குடுவை எடுத்துட்டு வராதீங்க, ரயில்ல தடை.

வேப்பேரி_வாசு:
ஏணி விஷயம் சரி, தரைத்தளம்னு கேட்டு வாங்கணும். ஆனா டென்ட்காரர் தண்ணிக் கணக்கைச் சொல்லவே இல்லையே.

மதகடி:
ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க நாலு லிட்டர். ஆறு பேருக்கு 24. கை கழுவ, பாத்திரத்துக்குச் சேர்த்து 20 லிட்டர் கேன் மூணு. ஏரித் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாம்னு நினைக்காதீங்க. கிருமி சாகும், வயல் உரமும் பூச்சிமருந்தும் போகாது. கழிவறைக் குழி தண்ணியிலிருந்து 200 அடி தள்ளி, முக்கால் அடி ஆழம். அம்மாவுக்கு மடக்குக் கமோடு நாற்காலி.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜனவரியில் மா பூக்கிற நேரம். தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பாங்க. எப்போ அடிச்சார், எப்போ அடிக்கப்போறார்னு தோப்புக்காரர்கிட்ட கேட்காம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. பூ இருக்கிற மரத்தடியில தீ மூட்டவும் விடமாட்டார்.

மேடவாக்கம்_மணி:
போன் போட்டுக் கேட்டுட்டேன். நாங்க போற அதே வாரம்தான் மருந்து அடிக்கிறாராம். தோப்பு வேற கரைக்குக் கீழே, ஆயக்கட்டுப் பக்கம். ஏலகிரிதான். தரைத்தளம், வெஸ்டர்ன் கழிப்பறை, மூணு படின்னு எழுத்துல வாங்கிட்டு முன்பணம் கட்டுறேன்.

வேப்பேரி_வாசு:
நான் முதல் பதில்லயே சொன்னேன்.

மதகடி:
நீங்க சொன்ன காரணம் பாம்பு, சார். மணி, அம்மா இல்லாம போறப்போ டென்ட்டுக்கு வேற நிலம் பாருங்க. தென்னந்தோப்பு மட்டும் வேண்டாம், மட்டையும் காயும் விழும். தனிப் பனைமரத்தடியும் கூடாது, இடி இறங்கும்.