யானைமலைக்கு வயது சொல்லிவிட்டார்கள். படைப்புக்கு யார் சொல்வது?

ஒத்தக்கடைவாசி:
எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மதுரையை அடுத்த யானைமலை முழுவதும் தெரியும். என் தாயார் காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கநாதர் நரசிங்கக் கணை எய்து வீழ்த்த, அதுவே கல்லாகிக் கிடக்கிறது என்னும் திருவிளையாடற் கதையை என் மகளுக்கு அவர் சோறூட்டும்போதே சொல்லி வளர்த்தார். இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகள், மதுரை வட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை என்று படித்துவிட்டு, அப்பத்தா சொன்னது பொய்யா என்று கேட்கிறாள். கேள்வி அத்தோடு நிற்காமல், உலகைக் கடவுள் படைத்தார் என்பதும் அப்படிப்பட்ட கதைதானா என்று நீள்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு மனமில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்:
ஐயா, அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் பிள்ளைக்குக் காட்டுங்கள். இத்தகைய பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிர்க்கான் என்னும் படிகங்கள் இருக்கும். படிகம் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தை அநேகமாக ஏற்காது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இறுதியில் அது ஈயமாகிறது. எனவே உள்ளே இருக்கும் ஈயத்தையும் எஞ்சிய யுரேனியத்தையும் அளந்தால் வயது தெரிந்துவிடும். நாளை இதைவிட நுட்பமான கருவி வந்து எண்ணை மாற்றினால், எங்களில் யாரும் துக்கம் காக்கமாட்டோம், மாற்றியவரைப் பாராட்டுவோம். மலை ஒருநாளும் யானையாக இருந்ததில்லை என்பதையும் பிள்ளையிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல அஞ்சினால், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள்.

திருமுறை அன்பர்:
நான் சிவபக்தன், ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று பாடியதை எடுத்துக்கொண்டு, பிரபஞ்சம் விரிவடைவதை அவர் அன்றே கண்டுவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். அண்டங்கள் எண்ணில் அடங்காமல் பரந்து கிடக்கின்றன என்பதே அங்கே பொருள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அடுத்து வரும் உவமையைத்தான் அவர்கள் படிப்பதில்லை. வீட்டுக்குள் நுழையும் வெயிற்கீற்றில் மிதக்கும் தூசியைப்போல அந்த அண்டங்களெல்லாம் சிறியனவாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்கிறார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். கையை நீட்டினால் சுழன்று விலகும், பிடிபடாது. பாடியவர் அண்டங்களை எண்ண முயலவில்லை, அவற்றின்முன் தாம் நிற்கும் நிலையைச் சொல்கிறார். அதை விஞ்ஞானச் சான்றிதழாக மாற்றுவது பாட்டுக்கும் பெருமை சேர்க்காது, விஞ்ஞானத்துக்கும் உதவாது.

புறநகர் வாசகர்:
திருமுறை அன்பரின் வருத்தம் எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஒருமுறை நேர்ந்தது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் கணக்கிட்டுக் காட்டியவரும், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து வெடித்துப் பிறந்ததாக 1931இல் கருதியவரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், படைப்பை விஞ்ஞானமே உறுதிசெய்கிறது என்னும் தொனியில் உரையாற்றியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் சங்கடப்பட்டார். தம் கோட்பாடு கடவுள் உண்டா இல்லையா என்னும் கேள்வியைத் தொடவே இல்லை என்பது அவருடைய நிலை. கோட்பாடு நாளை தவறென்று ஆனால் விசுவாசமும் அதனோடு விழ வேண்டுமா என்ன? அந்த ஆதி வெப்பத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி, 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் அவரை எட்டியது. காலையில் பூசை வைத்துவிட்டுப் பிறகு சமன்பாடு எழுதிய மனிதர் அவர். மகளிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கல்வெட்டு ஆர்வலர்:
ஒரு சிறு குறிப்பு. அதே யானைமலையில் சமணர்கள் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும், பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் பொறித்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. உலகுக்குத் தொடக்கமும் இல்லை, படைத்தவனும் இல்லை என்பது சமணம். கதையில் யானையை ஏவியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் இவ்விஷயத்தில் ஒரு பதில் இருந்திருக்கிறது.

ஒத்தக்கடைவாசி:
அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். யானை கதையை விட்டுவிட்டாள். படைத்தவனே இல்லை என்று சொன்னவர்களும் ஏன் கும்பிடுவதற்குச் சிலை செதுக்கினார்கள் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம். மலையடிவாரக் கோயிலில் இருக்கும் நரசிங்கப் பெருமாளைச் சேவிக்கத் தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.