கடலூர்–புதுவைப் பகுதியில் மாதாந்திர மிதிவண்டி டைம் ட்ரயல் தொடர்: வழித்தடமும் நேரக் கணக்கும்

மஞ்சக்குப்பம் மிதிவண்டியாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து மிதிவண்டி ஓட்டுகிற, ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழு எங்களுடையது. வரும் ஜனவரி முதல் ஜூன் வரை, மாதத்துக்கு ஒன்றாக, 20 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆறு டைம் ட்ரயல்களை ஒரே தொடராக நடத்த விரும்புகிறோம். இதுவரை நாங்கள் பங்கேற்றவை பெரும்பாலும் ப்ரெவே என்னும் நெடுந்தொலைவுப் பயணங்கள்தாம். அவற்றில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் கடந்தால் போதும். முந்தியவர், பிந்தியவர் என்ற வரிசையே கிடையாது. டைம் ட்ரயல் போல ஒவ்வொருவரும் தனியாகப் புறப்பட்டு, வினாடிக் கணக்கில் நேரம் அளக்கப்படும் போட்டியை நடத்திய அனுபவம் எங்களில் எவருக்கும் இல்லை.

எங்களுக்குள் மூன்று கேள்விகள் தீராமல் இருக்கின்றன. புதுச்சேரி–கடலூர் முதன்மைச் சாலையில் நேராகப் போய்த் திரும்பி வருவதா, பாகூர்ப் பக்கத்து உட்சாலைகளைத் தேர்வதா என்பது முதலாவது. நேரத்தை அவரவர் கைப்பேசியின் ஸ்ட்ராவா என்னும் பயணப் பதிவுச் செயலியைக் கொண்டே முடிவு செய்துவிடலாமா என்பது இரண்டாவது. சிலரிடம் வேகத்துக்கென்றே அமைந்த விலையுயர்ந்த ரோடு பைக்கும், பலரிடம் ரோடு பைக்குக்கும் மலைப்பாதை வண்டிக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வண்டியும், மாணவர்கள் சிலரிடம் பள்ளியில் பெற்ற விலையில்லா மிதிவண்டியும் இருக்கும்போது, எல்லோரையும் எப்படி ஒரே தொடரில் சேர்ப்பது என்பது மூன்றாவது. வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பாகூர் ஏரிக்கரை

ஐயா, முதன்மைச் சாலை வேண்டாம் என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்துகள் விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் சுற்றுலா வந்தவர்களின் கார்கள் இரவெல்லாம் விழித்திருந்த ஓட்டுநர்களுடன் சேர்ந்துகொள்கின்றன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பத்தாவது கிலோமீட்டரில் சாலையின் குறுக்கே யூ-டர்ன் எடுப்பதுதான். மூச்சிரைக்க ஓட்டி வருபவர் அந்த நொடியில் பின்னால் வரும் வாகனத்தைச் சரியாகக் கணிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எத்தனை தன்னார்வலர்களைக் கொடியுடன் நிறுத்தினாலும் லாரியை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமே அமையும்படி இடஞ்சுழியாக ஒரு சுற்றுப்பாதையைத் தேர்ந்தால், எந்த இடத்திலும் எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. 10 கிலோமீட்டர் சுற்றை இருமுறை ஓட்டச் செய்தால், நான்கு முனைகளுக்கு நான்கு பேர் என்ற அளவிலேயே ஆட்கள் போதும். யாராவது விழுந்துவிட்டாலும் அடுத்த முனையில் நிற்பவர் வரவேண்டியவர் வரவில்லையே என்று விரைவில் உணர்ந்துகொள்வார்.

வழித்தடத்தை வரையும்போது எல்லையைக் கவனியுங்கள். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் பின்னிப் பிணைந்து கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். சுற்றுப்பாதை ஒரே ஒரு கிலோமீட்டர் எல்லை தாண்டினாலும், இரண்டு அரசுகளின் காவல்துறையிடமும் தனித்தனியே எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டியிருக்கும். ஒருபுறம் கிடைத்து மறுபுறம் தாமதமானால் முழு நாளும் வீணாகும். ஆகையால் முழுப் பாதையையும் ஒரே பக்கத்தில் அடக்கிக்கொள்வதே நல்லது. மனுவில் "பந்தயம்" என்று மட்டும் எழுதினால் கூட்டமாகச் சாலையை அடைத்து ஓட்டுவார்கள் என்ற எண்ணம் வரும். ஒரு நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வார்கள், சாலையை மூட வேண்டியதில்லை, காலை ஏழரைக்குள் முடிந்துவிடும் என்பவற்றை விரித்து எழுதுங்கள். இந்தப் போட்டி வடிவமே அப்படிப் பிறந்ததுதான். கூட்டமாக ஓட்டும் பந்தயங்கள் இங்கிலாந்தில் காவல்துறையின் எதிர்ப்பைச் சம்பாதித்தபோது, பிட்லேக் என்பவர் 1895 அக்டோபர் 5 அன்று, ஓட்டுநர்களைத் தனித்தனியே அனுப்பி நேரத்தை மட்டும் ஒப்பிடும் 50 மைல் போட்டியை நடத்திக் காட்டினார்.

உள்ளூர் நாட்காட்டியையும் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த நெல்லும், அதன் பின் உளுந்தும் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்குக் காயும். அது விவசாயியின் ஆண்டு உழைப்பு. அதன்மீது சக்கரம் ஏறுவது போட்டியாளருக்கும் ஆபத்து, ஊருக்கும் மனத்தாங்கல். முன்வாரமே ஊராரிடம் பேசி, எந்தப் பகுதி காலியாக இருக்கும் என்று கேட்டறியுங்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் வரும் சாலையையும், முகூர்த்த ஞாயிறுகளில் திருமணக் கூட்டம் நிறையும் திருவந்திபுரம் சாலையையும் தவிர்த்துவிடுங்கள். மாசி மகத்தன்று இந்தப் பக்கம் எந்தச் சாலையும் நமக்குக் கிடைக்காது.

நேரக்காப்பாளர், முத்தியால்பேட்டை

முந்தைய பதிவு வழித்தடத்தைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டதால், நான் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தத் தொடரில் பரிசுத் தொகை முக்கியமல்ல, பதக்கம் முக்கியமல்ல. அறிவிக்கப்பட்ட நேரத்தை எல்லோரும் நம்ப வேண்டும், அது ஒன்றே முக்கியம். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர்கள் முன்பின்னாக இருக்கும். மரங்கள் அடர்ந்த சாலையில் இன்னும் விலகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கிறார். இரண்டு வினாடி வேறுபாட்டில் இடம் மாறும் போட்டியில், கைப்பேசிப் பதிவை முடிவாகக் கொள்வது பூசலுக்கே வழிவகுக்கும்.

கைமுறைக் கணக்கு கடினமானதன்று. இரண்டு ஸ்டாப்வாட்ச்களைச் சரியாக ஆறு மணிக்கு ஒன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். ஒன்றாம் எண்காரர் 6:01க்கு, இரண்டாம் எண்காரர் 6:02க்கு என்று எண்ணே புறப்படும் நிமிடமாக இருக்கட்டும். 17ஆம் எண்காரர் முடிவுக் கோட்டைக் கடக்கும்போது மணி 6:52:34 என்றால், அதிலிருந்து 17 நிமிடத்தைக் கழித்து 35 நிமிடம் 34 வினாடி என்று அங்கேயே சொல்லிவிடலாம். தாமதமாக வருபவருக்கும் அவருடைய நிமிடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதில் எவருக்கும் சலுகை காட்டாதீர்கள். முடிவுக் கோட்டில் ஒருவர் எண்ணையும் நேரத்தையும் உரக்கச் சொல்ல, இன்னொருவர் தாளில் எழுத, மூன்றாமவர் இரண்டாவது கடிகாரத்தில் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். எழுதுபவர் வேறு எவருடனும் பேசக்கூடாது. புறப்படும் இடத்தில் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும்; அவர் தள்ளிவிடக் கூடாது, பிடியை விட்டால் போதும்.

தொலைவையும் துல்லியமாக அளக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியில் அமர்ந்திருக்க, வழக்கமான காற்றழுத்தத்தில் சக்கரத்தைப் பத்து முறை சுழலவிட்டு, இரும்பு நாடாவால் அளந்து பத்தால் வகுத்தால் சக்கரத்தின் ஒரு சுழற்சியின் நீளம் கிடைக்கும்; பாதை முழுவதும் சக்கரம் சுழன்ற எண்ணிக்கையால் அதைப் பெருக்கினால் தொலைவு வரும். ரோடு பைக்கின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தால் 20 கிலோமீட்டரில் 95 மீட்டர், அதாவது 30 கிலோமீட்டர் வேகத்தில் 11 வினாடிக்கு மேல், பிசகிவிடும்.

பிறர் முதுகுக் காற்றில் ஒட்டி ஓட்டுவதை முற்றாகத் தடை செய்யுங்கள். சமதளத்தில் வேகம் கூடக் கூட நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்கிறது. முன்னால் செல்பவரின் மறைவில் சென்றால் அது வெகுவாகக் குறைந்து, இருவரின் நேரமும் ஒப்பிடத் தகுதியற்றதாகிவிடும். சர்வதேச விதிப்படி, முந்துபவர் பக்கவாட்டில் 2 மீட்டராவது விலகிச் செல்ல வேண்டும். முந்தப்பட்டவர் ஒரு கிலோமீட்டருக்குப் பின் குறைந்தது 25 மீட்டர் பின்தங்கியிருக்க வேண்டும். வாகனங்கள் ஓடும் குறுகிய சாலையில் அந்த 2 மீட்டரை வலியுறுத்த இயலாது. 25 மீட்டரை வலியுறுத்தலாம்.

வேகம் குறைந்தவர்களை முதலிலும் வேகமானவர்களைக் கடைசியிலும் அனுப்புங்கள். வேகமானவர்களை முதலில் விட்டால் ஒருவரை ஒருவர் முந்துவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவாக ஓட்டுபவர் வெயில் ஏறிய பிறகும் சாலையில் இருப்பார், தன்னார்வலர்களும் அதுவரை நிற்க வேண்டும். என் வரிசையில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேளையில் முடித்துவிடுவார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி

மேலே எழுதிய நேரக்காப்பாளர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். நேரம் ஒன்றே முக்கியம் என்பதை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. கடிகாரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், எவருடைய நேரத்தை எவருடன் ஒப்பிடுகிறோம் என்பது சரியாக இல்லாவிட்டால், இரண்டாவது மாதமே பாதிப் பேர் வரமாட்டார்கள். டூர் டி பிரான்ஸ் என்னும் பல நாள் மிதிவண்டிப் பந்தயத்தில், 1989இன் கடைசி நாள் டைம் ட்ரயலில், கைகளை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளும் ஏரோ பாருடன் ஓட்டிய கிரெக் லெமாண்ட், அதுவரை முன்னிலையில் இருந்த ஃபிஞ்ஞோனை மொத்தக் கணக்கில் வெறும் 8 வினாடியில் தோற்கடித்தார். உலகத்தின் தலைசிறந்த வீரர்களிடையே கருவி அவ்வளவு பேசும் என்றால், பிளஸ் ஒன் மாணவி தன் விலையில்லா மிதிவண்டியில் வந்து, ஏரோ பார் வைத்தவருடன் ஒரே பட்டியலில் நிற்பதில் என்ன பொருள் இருக்கிறது? கியர் இல்லாத வண்டி, ஹைப்ரிட்டும் எம்டிபி என்னும் மலைப்பாதை வண்டியும், ரோடு பைக் என்று மூன்று பிரிவுகளும், ஒவ்வொன்றிலும் பெண்களுக்குத் தனிப் பட்டியலும் வையுங்கள். ஏரோ பாரை இந்தத் தொடரில் அனுமதிக்காதீர்கள். கிராமச் சாலையில் நாய் குறுக்கே வந்தால், கை பிரேக்கிலிருந்து தொலைவில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஜனவரியில் வடகிழக்கிலிருந்தும் ஜூனில் மேற்கிலிருந்தும் காற்று வீசும் ஊர் நம்முடையது. போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் முடிப்பவர், எதிர்காற்றில் பாதித் தொலைவை 25 கிலோமீட்டர் வேகத்திலும் பின்காற்றில் மீதியை 35 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட்டினால், 24 நிமிடமும் 17 நிமிடம் 9 வினாடியும் சேர்ந்து 41 நிமிடம் 9 வினாடி ஆகிறது. எதிர்காற்றில் கூடுதல் நேரம் செலவழிப்பதால் இழந்தது திரும்புவதில்லை. ஆகவே ஜனவரி நேரத்தையும் ஜூன் நேரத்தையும் நேரடியாக ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று அறிவிப்பது நியாயமாகாது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பிரிவில் வரிசையின் நடுவே நிற்பவரின் நேரத்தை 100 என்று வைத்து, மற்றவர்களின் நேரத்தை அதற்கு விகிதமாக எழுதுங்கள். அப்போது காற்றும் வெயிலும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்; 118இல் தொடங்கியவர் 109க்கு வந்தால், அது உண்மையிலேயே அவருடைய கால்கள் ஈட்டியது. ஆறு போட்டிகளில் சிறந்த நான்கை மட்டும் கணக்கில் எடுத்தால், தேர்வும் திருமணமும் இரவுப் பணியும் எவரையும் தொடரிலிருந்து வெளியேற்றாது.

மஞ்சக்குப்பம் மிதிவண்டியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாகூர்ப் பக்கத்தில் முழுக்கப் புதுச்சேரி எல்லைக்குள் அமையும் இடஞ்சுழிப் பாதை ஒன்றை வரைந்து அளக்கப் போகிறோம். விகிதக் கணக்கு எங்கள் குழுவில் உடனே ஏற்கப்பட்டது. ஏரோ பார் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வாங்கி வைத்திருக்கும் சிலருக்கு வருத்தம். மே மாத வெயிலை எப்படிச் சமாளிப்பது என்பதையும், போட்டி நாளில் மருத்துவ ஏற்பாடு எவ்வளவு வேண்டும் என்பதையும் யாரேனும் சொல்ல இயலுமா?

பாகூர் ஏரிக்கரை

மே, ஜூன் மாதங்களில் சூரியன் ஏறத்தாழ 5:45க்கு எழுந்துவிடுவதால், அந்த இரண்டு போட்டிகளையும் 5:45க்கே தொடங்கலாம். ஜனவரியில் ஆறரை வரை வெளிச்சம் போதாது, ஆகவே அப்போது 6:45க்கு முன் எவரையும் அனுப்பாதீர்கள், பின்விளக்கு எரியாத வண்டியையும் விடாதீர்கள். ஜனவரியில் முடிவு எட்டு மணியைத் தாண்டும் என்பதால், ஏழரை என்பதை எல்லா மனுவிலும் எழுதாமல் அந்தந்த மாதத்து நேரத்தைக் குறிப்பிடுங்கள். கடிகாரத்தை எப்போது ஓடவிட்டாலும், எண்ணைக் கழிக்கும் முறை மாறாது. முடிவுக் கோட்டில் நிழலும், தண்ணீரும், ஓஆர்எஸ் கரைசலும் கட்டாயம். ஓட்டி முடித்தவர் பேச்சுத் தடுமாறினாலோ, வெயிலில் நின்றும் குளிர்கிறது என்றாலோ, உடனே நிழலில் படுக்கவைத்து உடலை நனைத்து 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாத காயங்களும் உண்டு என்பதால், முதலுதவி தெரிந்த ஒருவரை, போட்டியில் ஓட்டாதவராக, ஒரு காருடன் நிறுத்திவையுங்கள். ஒவ்வொருவரின் எண் அட்டையின் பின்புறத்திலும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் இரத்த வகையும் எழுதியிருக்கட்டும். ஹெல்மெட் இல்லாதவருக்கு எண் அட்டை தராதீர்கள். மாணவர்களுக்காகக் குழுவே நான்கைந்து ஹெல்மெட் வாங்கி வைத்துக்கொள்வது நுழைவுக் கட்டணத்தைச் செலவிட மிக நல்ல வழி. மழைக்காலம் முடிந்த பிறகு பாதையை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்து, புதிதாக விழுந்த குழிகளையும் வெள்ளை பூசாத வேகத்தடைகளையும் சுண்ணாம்பால் வட்டமிட்டுவிடுங்கள். போட்டியன்று அதிகாலை, முதல் எண்காரர் புறப்படும் முன், யாராவது ஒருவர் முழுச் சுற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்து வந்தாக வேண்டும்.