சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவு குறைவாக வருகிறது, உதவுங்கள்

0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு தயாரித்தேன், தரம்பார்த்தால் (செறிவு தெரிந்த அமிலத்தோடு வினைபுரியவைத்து அளந்தால்) 0.0926 தான் வருகிறது. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

4.0 கிராம் வில்லைகள், 1 லிட்டர் அளவுக்குடுவை. எடை போடும்போதே வில்லைகள் ஈரத்தில் மினுமினுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதுதான் உறுத்துகிறது. தரம்பார்க்கும்போது கூம்புக்குடுவையில் 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி. (நீரேற்றப் படிகம், லிட்டருக்கு 6.3 கிராம்). பியூரெட்டிலிருந்து (அளவிட்ட குழாய்) காரக் கரைசல் 20.0 மி.லி. செலவாக வேண்டும், 21.6 ஆகிறது.

பியூரெட்டை அதே கரைசலால் அலசினேன், கொதிக்கவைத்து ஆறிய நீரில் புதிதாகத் தயாரித்தேன், நிறங்காட்டியான பினால்ப்தலீனையும் மாற்றினேன். அப்புறமும் அதே 21.6. அமிலம் 1, காரம் 2 என்ற விகிதத்தையும் கணக்கில் சரிபார்த்துவிட்டேன். முடிவில் தோன்றும் இளஞ்சிவப்பு மட்டும் அரை நிமிடத்துக்குப் பிறகு மெல்ல மங்குகிறது.

அடுத்த கணக்குகளுக்கு 0.0926-ஐயே உண்மையான செறிவாக எடுத்துக்கொள்ளலாமா?