புதுப்பிப்பு: பச்சை மாலை முத்திரையுள்ள பூச்சாடி எந்த நாட்டினது, எந்தக் காலத்தது?

ரோஜாக்களும் புடைத்த பொன் புள்ளிகளும் தீட்டிய இரட்டைப் பிடிப் பூச்சாடியைப் பற்றிக் கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி. விடை: ஜப்பான், நோரிடாகே என்ற பீங்கான் நிறுவனம், 1911க்கும் 1921க்கும் இடைப்பட்டது. சீனத்து வேலை என்று அடம்பிடித்தது நான்தான்.

‘சித்திரத்தை விடுங்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள்’ என்ற யோசனையே கைகொடுத்தது. அழுக்கைத் துடைத்ததும் பச்சை மாலைக்குள் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தும், கீழே ‘நிப்பான்’ (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்ற சொல்லும் தெரிந்தன. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891இல் அமெரிக்கா விதித்தது. 1921இல் ‘நிப்பான்’ கூடாது, ‘ஜப்பான்’ என்றே எழுது என்றது. நோரிடாகேயின் இந்த மாலை முத்திரையோ 1911இல் வந்தது. போலிகள் சிலவற்றில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் மணற்கடிகார வடிவம் இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தேன், என்னுடையது ‘எம்’ தான்.

எதிர்பாராதது ஒன்று: இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது, இடப்பக்கப் பிடியின் அடியில் மட்டும் ஒரு வளையம் வெளிறி ஒளிர்ந்தது. எப்போதோ உடைந்து, பசையிட்டு ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் துளியும் தெரியவில்லை.