மாதா பக்தி: வெளியில இருந்து பார்க்கிறவங்க கேட்கிறதும் நாம சொல்றதும்

திருப்பூரிலிருந்து

இந்த இழை சண்டைக்கு இல்லைங்க. மாதா பக்தியைப் பார்த்து மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்தப் பதில் எடுபடுகிறது, எது எடுபடுவதில்லை, அதை மட்டும் எழுதுங்கள். முதலில் நான்.

"மாதாவைக் கும்பிட்டா ஆர்.சி., ஏசுவைக் கும்பிட்டா சி.எஸ்.ஐ., அப்படித்தானுங்களே?" பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான் (ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை). ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம் என்று மறைக்கல்விப் பாடத்தை ஒப்பித்தால் ஒன்றும் ஏறாது. கும்பிடு என்ற ஒரே சொல்லைத்தான் சாமிக்கும் சொல்கிறோம், பெரியவர்களுக்கும் சொல்கிறோம், ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கும் போடுகிறோம். சொல்லில் இல்லாத வித்தியாசம் விளக்கத்தில் எப்படி வரும்?

அதற்குப் பதில், மாதா மன்றாட்டு மாலையை, அதாவது ஒருவர் பட்டங்களைச் சொல்லச் சொல்லக் கூட்டம் பதில் சொல்லும் செபத்தை, காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று போகும்வரை கூட்டம் சொல்வது "எங்கள்மேல் இரக்கமாயிரும்". "புனித மரியே" என்று ஆரம்பித்த நொடியில் பதில் மாறிவிடும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". அதற்குப் பிறகு ஐம்பதுக்கு மேல் பட்டங்கள் வருகின்றன. எவ்வளவு உயர்ந்த பட்டமானாலும் பதில் அதேதான். கடைசியில் "இறைவனின் செம்மறியே" வந்ததும் மன்னிப்பும் இரக்கமும் கேட்கத் திரும்புகிறோம். யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது அந்த இரண்டு பதில்களிலேயே இருக்கிறது. கேட்டவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒன்று கவனிங்க. 2020 ஜூனில் போப் பிரான்சிஸ் இந்த மன்றாட்டு மாலையில் மூன்று பட்டங்களைச் சேர்த்தார். அதில் ஒன்று, ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு ஆறுதலானவர் என்ற பொருளில் வரும். ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள் நிறைந்த நம்ம ஊருக்கென்றே சேர்த்தது போல இருக்கிறது. பழைய கைப்புத்தகத்தில் இது இருக்காது. ஆளுக்கொரு பதிப்பை வைத்துக்கொண்டு சொன்னால் அந்த இடத்தில் பாதிப் பேர் தடுக்கி நிற்பார்கள்.

ஈரோட்டிலிருந்து

இங்கே கேள்வியே வராதுங்க. "மாரியம்மாவும் மரியம்மாவும் ஒண்ணுதானே" என்று முடித்துவிடுவார்கள். பெயர்கள் காதில் ஒன்றுபோல விழுந்தாலும் வேர் வேறு. மாரி என்றால் மழை. மரியா என்பது மிரியாம் என்ற எபிரேயப் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியாக நம்மிடம் வந்தது. பெரிய மாரியம்மன் கோயிலுக்குக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற அம்மாவிடம் போய் இந்தச் சொல்லாராய்ச்சியைச் சொல்வது வீண் வேலை. அவர் அன்பாகத்தான் சொல்கிறார், அதைக் குற்றமாக எடுக்க வேண்டியதில்லை.

விளக்கம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அமல உற்பவ மாதா (பாவமில்லாமல் கருவான மரியா) சுரூபத்தில், அதாவது சிலையில், காலடியில் பாம்பு இருக்கும். புற்றுக்குப் பால் ஊற்றும் குடும்பத்துக்கு அது நெஞ்சில் குத்தும். "பாம்பு மேல கால் வெக்கலாமுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அது தொடக்க நூல் 3ஆம் அதிகாரத்தில் ஏவாளை ஏமாற்றிய பாம்பு, தீமைக்கு அடையாளம், காட்டில் ஊர்கிற ஜீவனைச் சொல்லவில்லை என்றால் போதும், முகம் தெளிந்துவிடும். கெபியில் (குகை போலக் கட்டிய இடத்தில்) நிற்கிற லூர்து மாதாவுக்குப் பாம்பு கிடையாது. வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, பாதத்தில் மஞ்சள் ரோஜா, எதிரில் முழங்காலில் பெர்னதெத். வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை, கையில் குழந்தை. வந்தவர்களுக்கு முதலில் இந்த அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள். எல்லாம் ஒரே மரியா என்பதே பலருக்குப் புதுச் செய்தி. லூர்து மாதா அக்கா, பாத்திமா மாதா தங்கச்சி என்று நினைத்திருப்பவர்கள் நம்மிலேயே உண்டு.

கோவையிலிருந்து, சி.எஸ்.ஐ. குடும்பம்

எதிர்ப்பக்கத்துப் பார்வையையும் பதிவு செய்கிறேன். சண்டை பாதிக்குமேல் கொள்கையில் கிடையாது, மரியாதை விகுதியில் இருக்கிறது. எங்கள் பழைய வேதாகமத்தில் லூக்கா 1:28 "கிருபை பெற்றவளே, வாழ்க", "கர்த்தர் உன்னுடனே". அவள், உன், மரியாள். உங்கள் பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் "அருள்மிகப் பெற்றவரே வாழ்க! ஆண்டவர் உம்மோடு இருக்கிறார்". கிரேக்க மூலத்தில் நீ, நீர் என்ற பாகுபாடே இல்லை, இரண்டுமே தமிழ் தேர்ந்தெடுத்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை "மரியாள்" என்றால் இளக்காரம் என்று உங்களுக்குப் படுகிறது. நீங்கள் "மாதாவே" என்றால் தெய்வமாக்குகிறீர்கள் என்று எங்களுக்குப் படுகிறது. கொங்கில் சின்னப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்கிறோம், அதனால் இந்த உறுத்தல் இங்கே கொஞ்சம் கூடுதல்.

"அருள் நிறைந்த மரியே" செபத்தில் முதல் பாதி வேதவசனம்தான், லூக்கா 1:28, 1:42. எங்களுக்கு இடறல் "தூய மரியே" என்று தொடங்கி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மரியாளிடம் கேட்கும் இரண்டாம் பாதி. அங்கே 1 தீமோத்தேயு 2:5, கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்ற வசனம் குறுக்கே வரும். "உங்க பாஸ்டரை ஜெபிக்கச் சொல்றீங்கல்ல, அதே மாதிரிதான்" என்ற பதில் ஓரளவு நிற்கும். ஆனால் பாஸ்டர் உயிரோடு இருக்கிறார், மரியாள் இறந்துவிட்டார் என்று உடனே அடுத்த கேள்வி வரும். புனிதர்கள் இறைவனிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்ற உங்கள் நம்பிக்கையை முதலில் சொல்லிவிட்டு பாஸ்டர் உவமையைப் பிறகு சொல்லுங்கள். வரிசை மாறினால் உவமை நொண்டும்.

கருமத்தம்பட்டியிலிருந்து

அக்டோபர் தேர்த்திருவிழாவில் வழி தெரியாமல் திண்டாடும் இடம் நற்கருணை வரிசை, அதாவது பூசையில் அப்பம் வாங்கும் வரிசை. ஜெபமாலை மாதாவுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டுவருகிறவர்களில் இந்துக் குடும்பங்கள் நிறைய. எல்லோரும் எழுந்து முன்னே போவதைப் பார்த்துப் பிரசாதம் என்று நினைத்து அவர்களும் வருவார்கள். சாமியார் "கிறிஸ்துவின் உடல்" என்றதும் "ஆமென்" சொல்லத் தெரியாது. அப்பத்தை வாங்கி, வீட்டிலிருக்கும் பாட்டிக்கு என்று கைக்குட்டையில் முடிவார்கள். அங்கேயே கையைப் பிடித்து நிறுத்தினால் திருவிழாவுக்கு வந்தவர் முகம் சுண்டிப் போகும்.

அறிவிப்பை வரிசை கிளம்பும் முன்பே சொல்ல வேண்டும், வாங்க வேண்டாம் என்பதோடு முடிக்காமல் என்ன செய்யலாம் என்றும் சேர்த்து: "திருமுழுக்குப் பெற்று நற்கருணைக்குத் தயாரித்த கத்தோலிக்கர் மட்டும் வாங்கலாம். மற்றவர்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து வந்தால் ஆசீர் பெறலாம்." ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஒரு தன்னார்வலர், வாங்கியவர் அங்கேயே உட்கொள்கிறாரா என்று பார்க்க. மந்திரித்த உப்பு, தீர்த்தம், பூ இவற்றைக் கெபி பக்கம் தனி மேசையில் வைத்துவிட்டால் பாட்டிக்குக் கொண்டுபோக ஏதோ கிடைத்துவிடும். வரிசைக் குழப்பம் பெருமளவு குறையும்.

சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள், குங்குமமும் வைப்பார்கள். பாரிஸ் சாந்தில் செய்தது என்றால் குங்குமக் கறை போகவே போகாது. ஈரத்துணியால் தேய்த்தால் பெயிண்டோடு சேர்ந்து வரும். பால், தண்ணீர் பட்டால் உள்ளே ஊறி, பொருமி, பாதத்திலிருந்து உதிரும். தொடுவதற்கு ஃபைபரில் ஒன்றைக் கீழே வையுங்கள், பழையதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றுங்கள். மெழுகுவர்த்தித் தட்டில் மணல் நிரப்பி, நாலு விரல் இடைவெளியில் நடச் சொல்லுங்கள். நெருக்கி நட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து விழும்.

தாராபுரத்திலிருந்து

வீட்டு ஜெபமாலைக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதைப் பற்றி. "சொன்னதையே சொல்றீங்களே" என்ற விமர்சனம் பாதி நாம் சம்பாதித்தது. ஒவ்வொரு "அருள் நிறைந்த மரியே" செபத்திலும் முன்பாதியை ஒருவர், பின்பாதியைக் கூட்டம் என்பது முறை. கூட்டம் "ஆமென்" சொல்லி முடிக்கும் முன்பே முன்சொல்பவர் அடுத்ததை எடுத்துவிட்டால் கேட்பவருக்கு வெறும் முணுமுணுப்புதான் மிஞ்சும். ஜெபமாலையின் பத்து மணிகளைச் சொல்லி முடிக்க மூன்றரை நிமிடமாவது ஆக வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்தால் வார்த்தை விழுங்கப்படுகிறது என்று அர்த்தம்.

ஜெபமாலையில் 59 மணி: சிறியது 53, பெரியது 6. எண்ணிக்கைக்குத்தான் மணி, மனசுக்கு மறைபொருள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இயேசுவின் வாழ்க்கையில் என்ன நிகழ்ச்சி என்று ஒரே வரியில் சொல்லுங்கள், வந்தவருக்குக் கதை புரியும். திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளி மறைபொருள் 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது. பழைய புத்தகத்தில் வியாழன் மகிழ்ச்சி, சனி மகிமை என்று இருக்கும், அந்த இரண்டு நாளும் தகராறு வரும். எந்தப் புத்தகம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விருந்தாளியை முழங்காலில் நிற்கச் சொல்ல வேண்டாம், நாற்காலி போடுங்கள்.

கோபியிலிருந்து

ஒன்றே ஒன்று சேர்க்கிறேனுங்க. புதன்கிழமை சகாய மாதா நவநாள் வழிபாட்டுக்கு வரும் குழந்தைகள் படத்தைப் பார்த்துக் கேட்பது மாதாவைப் பற்றியே அல்ல. "பாப்பாவுக்குச் செருப்பு ஏன் கழண்டிருக்குது?" படத்தின் இரண்டு ஓரத்திலும் வானதூதர்கள் சிலுவையும் ஈட்டியும் ஏந்தி நிற்கிறார்கள். குழந்தை இயேசு அதைக் கண்டு பயந்து அம்மாவிடம் ஓடி, அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு நழுவி, வாரில் தொங்குகிறது. இதைச் சொன்னால் பெரியவர்களும் கிட்டே வந்து செருப்பைத் தேடுவார்கள்.