தாழ்ப்பாளுக்கு ஒரு மனு: நடுநிலைப் பள்ளிப் பெண் பிள்ளைகளோடு உங்கள் அனுபவம் என்ன?

செங்கம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இரண்டு வருடம் சனிக்கிழமை தோறும் போய்க்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள், 26 பேர். 'தன்னம்பிக்கை, தலைமைப் பண்புப் பயிற்சி' என்று பேனரெல்லாம் அடித்துக்கொண்டுதான் போனோம். முதல் வாரம் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் கல்பனா சாவ்லா படம் போட்டு, முத்துலட்சுமி ரெட்டி படம் போட்டு, அந்தக் காலத்துச் சென்னை மாகாண சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். "பிடிச்சிருந்ததா?" "பிடிச்சிருந்துச்சு மிஸ்", கோரஸ். "என்ன பிடிச்சுது?" அவ்வளவுதான், மூச்சில்லை. பின்வரிசையில் ஒருத்தி ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். ஐந்தாவது வரை ஸ்கூலிலேயே பெரிய வாயாடி அவள்தானாம், டீச்சர் சொன்னார். வயதுக்கு வந்தபிறகு வீட்டில் சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நிற்காதே என்று ஆரம்பித்து, ஸ்கூலிலும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், இந்த ஸ்கூலில் எதை மாற்றணும்னு மட்டும் எழுதுங்க என்றேன். 17 சீட்டில் ஒரே விஷயம், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். அதனால் பாதிப் பேர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. தாழ்ப்பாள் என்ன, அறுபது ரூபாய் இருக்குமா, மதியமே செங்கத்தில் வாங்கி வந்து மாட்டியிருக்கலாம், கையும் துறுதுறுத்தது. வாங்கவில்லை. அதை அவர்களே கேட்டு வாங்கட்டும் என்று விட்டோம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு மனு எழுத மூன்று வாரம் ஆனது, அதில் ஒரு வாரம் முழுக்க யார் பேசுவது என்ற சண்டை.

மனு போனது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்கணும். அந்தக் கணக்கில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் நம் ரிப்பன்காரியின் அம்மாவும் ஒருவர், அதுவரை எந்தக் கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசாதவர். மகள் எழுந்து மனுவைப் படித்தாள், இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. எதிரிலிருந்து அந்த அம்மா, "சொல்லுடி" என்றார். ஒன்பது நாளில் தாழ்ப்பாள் வந்தது, கூடவே யாரும் கேட்காத ஒரு பக்கெட்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

நான் பணம் கொடுக்கிற பக்கம். எங்கள் ஆபீஸில் இந்த மாதிரி ஒரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கினார்கள், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில். கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட், தொப்பி, சான்றிதழ், வந்து பேச ஒரு பேச்சாளர் இதற்கெல்லாம் கையெழுத்து உடனே விழுந்தது. பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் கேட்டது வேறு. சாயங்காலம் ஐந்தரை வரை இருக்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல், அப்புறம் பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு. "சுண்டலால் தலைமைப் பண்பு எப்படி வளரும்?" என்று ஒருவர் நிஜமாகவே மெயில் போட்டார்! இருட்டுவதற்குள் வீடு வந்து சேராத பிள்ளையை மறுவாரம் அப்பா அனுப்ப மாட்டார் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மீட்டிங் ஆனது. சுண்டல் பாஸ் ஆனது, 'சிற்றுண்டிச் செலவு' என்ற பெயரில்.

*

அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் மகிழ் முற்றம் தொடங்கியபோது பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணியாகப் பிரித்தார்கள் இல்லையா, என் மகள் ஏழாவதில் முல்லைக்குத் தலைவி. பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த அன்று தூங்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், விழாவில் மைக் பிடித்துப் பேசுவது பையன்களாம், இவளுக்குக் கோலமும் வரவேற்புத் தட்டும். "ஏம்மா, தலைவின்னா தட்டு தூக்கறதா?" என்கிறாள். எங்கள் ஊரிலும் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு அம்மாதான், 2016-லேயே உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் போட்டாயிற்று, ஆனால் கூட்டத்தில் பேசுவது அவர் வீட்டுக்காரர். பிள்ளைகள் இதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். போன வாரம் டீச்சரிடம் அவளே போய்க் கேட்டுவிட்டாள். அடுத்த விழாவில் நன்றியுரை இவளுக்கு. வரவேற்புரை இல்லையே என்று முகம் தூக்கி வைத்திருக்கிறாள், எனக்குச் சிரிப்புதான்.

*

முதலில் எழுதியவள்தான். எட்டாவதுக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேதான் சிக்கல். இலவச சைக்கிள் பிளஸ் ஒன்னில். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் காலேஜ் போனபிறகு. எங்கள் பிள்ளைகளுக்கோ ஒன்பதாவதிலேயே ஸ்கூல் ஊர் விட்டு ஊர் மாறுகிறது, ஆறு கிலோமீட்டர். பஸ் இலவசம்தான், ஆனால் காலையில் அது போவது ஏழு மணிக்கு, அடுத்தது பத்தேகாலுக்கு. ஜனவரி 26 கிராம சபையில் நம் பிள்ளைகள் நான்கு பேர் எழுந்து இதைக் கேட்டார்கள், இந்த முறை குரல் உடையவில்லை. பதிவு செய்துகொண்டார்கள், பஸ் வரவில்லை. இப்போது ஒன்பது பேர் சேர்ந்து ஓர் ஆட்டோ பேசியிருக்கிறார்கள், தலைக்கு நாளுக்கு இருபது ரூபாய். இரண்டு பேர் வீட்டில் அதுவும் முடியாமல் நின்றுவிட்டார்கள், அதில் ஒருத்தி மனுவைத் தன் கையெழுத்தில் அழகாக எழுதியவள். டிப்போவில் பேசி பஸ் நேரத்தை மாற்ற வைத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், முதலில் யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.