ஈடிஐ: அனுப்புநர், பெறுநர் ஐடி-யாக எதைக் கொடுப்பது? டன்ஸ், ஜிஎல்என், போன் நம்பர், ஜிஎஸ்டி எண்

பின்னலாடை_சிஸ்டம்ஸ்

வணக்கம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஈடிஐ (ஆர்டர், இன்வாய்ஸ் போன்றவற்றைக் கணினிக்குக் கணினி அனுப்பும் முறை) அமைக்கிறோம். அமெரிக்க பையர் எக்ஸ்12 (அங்கு புழங்கும் ஈடிஐ தரம்), 4010 பதிப்பில் 850 ஆர்டர் அனுப்புவார். பதிலுக்கு 856 ஏஎஸ்என் (சரக்கு வருவதற்கான முன்னறிவிப்பு), 810 இன்வாய்ஸ் போக வேண்டும். எல்லாம் வேன் நெட்வொர்க் (ஃபைல்களை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் இடைச் சேவை) வழியாக. ஜெர்மன் பையருக்கு எடிஃபேக்ட் (இன்னொரு ஈடிஐ தரம்) டி.96ஏ, நேரடி ஏஎஸ்2 (இணையம் வழியே ஃபைல் அனுப்பும் முறை) இணைப்பு.

இருவருடைய படிவத்திலும் "இன்டர்சேஞ்ச் ஐடி, குவாலிஃபையர்" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. கம்பெனி பெயர், போன் நம்பர், ஜிஎஸ்டி எண், டன்ஸ் எண் (டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனங்களுக்கு வழங்கும் எண்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அமெரிக்க பையர் ஏற்கெனவே ஆறு இலக்க வெண்டார் எண் கொடுத்திருக்கிறார், அதையே போட்டுவிடலாமா? இரண்டு யூனிட் இருக்கின்றன, ஆளுக்கொரு ஐடி வேண்டுமா? டெஸ்ட்டுக்குத் தனி ஐடி வேண்டுமா? ஒருமுறை கொடுத்தால் மாற்றுவது கடினம் என்பதால் இப்போதே சரியாக வைக்க விரும்புகிறோம்.

---

மேப்பிங்_மேசை

முதலில் வெண்டார் எண்ணை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அந்த ஒரு பையர் தன் கணக்குப் புத்தகத்தில் உங்களுக்கு வைத்த பெயர். அது ஆவணத்துக்குள், பெரும்பாலும் ஆர்இஎஃப் செக்மென்ட்டில் (செக்மென்ட் என்பது ஃபைலின் ஒரு வரி) ஐஏ என்ற குறியோடு வரும். இன்டர்சேஞ்ச் ஐடி உறையின் மேல் எழுதும் விலாசம். அடுத்த பையர் வந்தால் அவருடைய வெண்டார் எண் வேறாக இருக்கும், உங்கள் விலாசம் மாறக்கூடாது.

எக்ஸ்12-ல் இந்த விலாசம் உறையாக முதலில் வரும் ஐஎஸ்ஏ செக்மென்ட்டில் நான்கு கட்டங்களில் இருக்கிறது. 05-ல் அனுப்புநர் குவாலிஃபையர் 2 எழுத்து, 06-ல் அனுப்புநர் ஐடி 15 எழுத்து. 07, 08 பெறுநருக்கு. குவாலிஃபையர் என்பது பின்னால் வரும் ஐடி எந்த வகை என்று சொல்லும் குறி. உங்களுக்குத் தேவைப்படக்கூடியவை: 01 டன்ஸ் எண், 12 போன் நம்பர், 14 பின்னொட்டு சேர்த்த டன்ஸ், 07 ஜிஎல்என் (ஜிஎஸ்1 அமைப்பின் 13 இலக்க நிறுவன, இட அடையாள எண்), இசட்இசட் என்றால் இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட பெயர்.

குவாலிஃபையரும் ஐடியும் சேர்ந்த ஜோடிதான் விலாசம். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 01-உடன் 012345678 என்பதும் இசட்இசட்-உடன் 012345678 என்பதும் வேன் நெட்வொர்க்குக்கு இரண்டு வேறு அஞ்சல்பெட்டிகள். எண் சரியாக இருந்தும் ஃபைல் போய்ச் சேரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

என் பரிந்துரை: அமெரிக்கப் பக்கத்துக்கு 01, டன்ஸ். 9 இலக்கம், உலகில் வேறு யாருக்கும் அதே எண் இருக்காது, அமெரிக்க பையர்களுக்குப் பழகியது. போன் நம்பர் அங்கே நிறையப் புழங்குகிறது, 91 சேர்த்தால் 12 இலக்கம், 15-க்குள் அடங்கும். ஆனால் அந்த இணைப்பைச் சரண்டர் செய்தபிறகும் ஐடி அதே எண்ணாகவே ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். கம்பெனிப் பெயரை இசட்இசட்-உடன் வைப்பது தவறில்லை. ஆனால் அதே பெயரை இன்னொருவர் வைத்திருந்தால் தடுக்க பொதுப் பதிவேடு எதுவும் கிடையாது.

யூனிட் இரண்டு இருந்தாலும் ஐடி ஒன்றே போதும். எந்த யூனிட்டிலிருந்து சரக்கு கிளம்பியது என்பதை 856-க்குள் என்1 செக்மென்ட்டில் எஸ்எஃப் குறியோடு சொல்லுங்கள். சட்டப்படி தனி நிறுவனமாக இருந்து தனி இன்வாய்ஸ் போட்டால் மட்டும் தனி ஐடி. டன்ஸ் இடத்துக்கு இடம் தனித்தனியாக வழங்கப்படும் எண். உங்கள் இரு யூனிட்டுக்கும் இரண்டு எண் ஏற்கெனவே இருக்கக்கூடும். தலைமை அலுவலகத்தின் எண்ணையே எடுங்கள்.

இன்னொன்று, நீளம். 9 இலக்க டன்ஸ் போட்டால் பின்னால் 6 வெற்றிடம் கட்டாயம். இப்படி, புள்ளிகளை வெற்றிடமாகப் பாருங்கள்:

012345678······

ஐஎஸ்ஏ மொத்தம் 106 எழுத்து, ஒன்று கூடக் கூடாது, குறையவும் கூடாது. ஏனென்றால் பெறுபவரின் மென்பொருள் பிரிப்பான்களை இடம் பார்த்துத்தான் எடுக்கிறது: 4-வது எழுத்து எலிமென்ட் (கட்டம்) பிரிப்பான், 105-வது உட்பிரிப்பான், 106-வது செக்மென்ட் முடிவுக்குறி. ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அந்த 6 வெற்றிடத்தையும் வெட்டிவிட்டால் ஐஎஸ்ஏ 100 எழுத்தில் முடிந்துவிடும். 856 ஃபைலில் அடுத்து வருவது ஜி, எஸ், நட்சத்திரம், எஸ், எச், நட்சத்திரம். அதாவது 106-வது இடத்தில் நட்சத்திரம் வந்து நிற்கும். எலிமென்ட் பிரிப்பானும் நட்சத்திரம், முடிவுக்குறியும் நட்சத்திரம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். உட்பிரிப்பான் எச் ஆகிவிடும். வரும் பிழைச்செய்தி ஐடி-யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, ஃபைல் முழுவதுமே படிக்க முடியவில்லை என்றுதான் சொல்லும்.

ஐஎஸ்ஏ-வுக்கு அடுத்து வரும் ஜிஎஸ் செக்மென்ட்டின் 02, 03 கட்டங்களில் (அனுப்புநர், பெறுநர்) இந்த வெற்றிடம் வேண்டாம். அங்கே 2 முதல் 15 எழுத்து வரை, உள்ளபடியே. பெரும்பாலோர் அதே ஐடியை அங்கும் போடுகிறார்கள். ஆனால் பையர் ஜிஎஸ் 03-க்கு வேறு ஐடி கேட்பது உண்டு. அவருடைய வழிகாட்டியில் ஐஎஸ்ஏ பக்கத்தையும் ஜிஎஸ் பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

---

வரிக்கணக்கு_33

ஜிஎஸ்டி எண் பற்றி மட்டும் சொல்கிறேன். 15 எழுத்து, ஐஎஸ்ஏ 06-ம் 15 எழுத்து. அச்சில் வார்த்தது போல் பொருந்துவதால்தான் பலருக்கு ஆசை வருகிறது. வேண்டாம்.

முதல் 2 எழுத்து மாநிலம், நமக்கு 33. அடுத்த 10 எழுத்து பான். பார்ட்னர்ஷிப் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆக மாறினால் பான் மாறும், கூடவே ஜிஎஸ்டி எண்ணும் மாறும். திருப்பூரில் இந்த மாற்றம் அடிக்கடி நடப்பதுதான். ஐஇசி-யும் (ஏற்றுமதி, இறக்குமதி பதிவு எண்) இப்போது பான் எண்ணேதான், ஆகவே அதுவும் தப்பாது. அன்றைக்கு எல்லா பையரிடமும் போய் ஐடி மாற்றச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் ஒரு கிடங்கு திறந்தால் அதற்கு வேறு ஜிஎஸ்டி எண். வரி எண் வரி வேலைக்கே இருக்கட்டும்.

15 கட்டமும் நிரம்பிவிடுவதால் டெஸ்ட்டுக்கு ஓர் எழுத்து சேர்க்கவும் இடமிருக்காது.

---

ஏஎஸ்2_கோபுரம்

ஜெர்மன் பையருக்கு ஜிஎல்என்-தான் சரி. கார்ட்டன் லேபிளில் எஸ்எஸ்சிசி (பெட்டியின் அடையாள எண்) ஒட்டுவதற்காக ஜிஎஸ்1 இந்தியாவில் (பார்கோடு எண்கள் வழங்கும் அமைப்பு) கம்பெனி முன்னொட்டு வாங்கியிருந்தால், அதிலிருந்தே ஜிஎல்என் ஒதுக்கிக்கொள்ளலாம். 13 இலக்கம், இந்தியப் பதிவுகள் 890-ல் தொடங்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 12 இலக்கத்தையும் இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான். 890123456789 என்ற மாதிரி எண்ணுக்குக் கூட்டுத்தொகை 130. ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே கடைசி இலக்கம் 0. படிவத்தை அனுப்பும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், இலக்கம் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

எக்ஸ்12 பழக்கத்தோடு எடிஃபேக்ட்டுக்கு வருபவர்கள் விழும் குழிகள்:

எடிஃபேக்ட்டின் உறையான யுஎன்பி செக்மென்ட்டில் ஐடி 35 எழுத்து வரை போகலாம், வெற்றிடம் நிரப்பக் கூடாது. குவாலிஃபையர் ஐடிக்குப் பின்னால், முக்காற்புள்ளிக்கு அடுத்து வரும். ஜிஎல்என் என்றால் 14. இதே 14 எக்ஸ்12-ல் பின்னொட்டு சேர்த்த டன்ஸ்! ஒரு பக்கத்து அட்டவணையை மறுபக்கத்துக்கு நகல் எடுக்காதீர்கள். டன்ஸ் போடுவதானாலும் எடிஃபேக்ட்டில் 1, எக்ஸ்12-ல் 01. மென்பொருள் இதை எழுத்தாகத்தான் ஒப்பிடும், எண்ணாக அல்ல.

அதே ஜிஎல்என் ஆவணத்துக்குள் என்ஏடி (பெயர், முகவரி) செக்மென்ட்டில் வரும்போது கூட வரும் குறி 9. யுஎன்பி-யில் 14, என்ஏடி-யில் 9, இரண்டும் சரிதான். ஒன்றைத் தவறென்று நினைத்துத் "திருத்தி"விடாதீர்கள்.

எழுத்துத்தொகுதி யுஎன்ஓஏ என்று போட்டால் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே. சிறிய எழுத்தில் ஐடி வைத்தால் கறாரான மென்பொருள் தள்ளிவிடும். வெறும் இலக்கமான ஜிஎல்என்-னுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

பிறகு ஏஎஸ்2 பெயர், அதாவது இணைப்பில் இரு தரப்பும் ஒருவரையொருவர் அடையாளம் காணும் பெயர். அது யுஎன்பி ஐடி அல்ல, தனி. 128 எழுத்து வரை இருக்கலாம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. நடுவில் வெற்றிடம் வைத்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அந்தத் தலைவலி எதற்கு, வெற்றிடமே வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஜிஎல்என் வைக்கலாம், பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் இணைப்பை ஒரு சேவை நிறுவனம் நடத்தினால் ஏஎஸ்2 பெயர் அவர்களுடையதாக இருக்கும், யுஎன்பி ஐடி உங்களுடையதாகவே இருக்க வேண்டும். தங்கள் முன்னொட்டில் ஒரு ஐடி தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள். நாளைக்கு அவர்களை விட்டு விலகும்போது அந்த ஐடி உங்களோடு வராது.

---

வேன்_வழித்தடம்

டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐஎஸ்ஏ 15-ல் டி என்றால் டெஸ்ட், பி என்றால் புரொடக்‌ஷன். ஆனால் வேன் நெட்வொர்க் பெரும்பாலும் அதைப் பார்த்து வழி பிரிக்காது, குவாலிஃபையர்-ஐடி ஜோடியை மட்டுமே பார்க்கும். பெறும் பக்கத்து மென்பொருளும் அந்த எழுத்தைக் கவனிக்காத மாதிரி அமைக்கப்பட்டிருந்தால், டெஸ்ட் 850 நேராக உங்கள் ஈஆர்பி-யில் (நிறுவன நிர்வாக மென்பொருள்) உண்மை ஆர்டராக ஏறும், நூல் வாங்குவது வரை போய்விடும். ஆகவே தனி டெஸ்ட் ஐடி வாங்குங்கள்.

டன்ஸ் எண்ணுக்குப் பின்னால் டி சேர்ப்பது வழக்கம். அப்படிச் செய்தால் 01 போடாதீர்கள். 9 இலக்கம்தானா என்று சரிபார்க்கும் இடத்தில் தள்ளப்படும். 14 அல்லது இசட்இசட்.

ஐடி தவறினால் என்ன திரும்பி வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஐஎஸ்ஏ 14-ல் 1 போட்டு அனுப்பினால் டிஏ1 பதில் (உறை சரியா என்று சொல்லும் ஒப்புகை) கேட்பதாகப் பொருள். அதில் 005 வந்தால் அனுப்புநர் குவாலிஃபையர் தவறு, 006 அனுப்புநர் ஐடி, 007 பெறுநர் குவாலிஃபையர், 008 பெறுநர் ஐடி. 025 வந்தால் ஐடியில் குறையில்லை, கன்ட்ரோல் நம்பர் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். 997-க்காக (உள்ளே இருக்கும் ஆவணங்களுக்கான ஒப்புகை) காத்திருந்து பயனில்லை. உறையே பிரிக்கப்படாதபோது 997 பிறக்காது.

997 திருப்பி அனுப்பும்போது வந்த ஜோடிகளை அப்படியே இடம் மாற்றிப் போட வேண்டும். 850 வந்த ஐடி ஒன்று, 810 போக வேண்டிய ஐடி வேறு என்று வைத்திருக்கும் பையர்களும் உண்டு. அதனால் "உங்கள் ஐடி என்ன" என்று ஒற்றைக் கேள்வி கேட்காமல், ஆவணவாரியாக, டெஸ்ட்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

பின்னலாடை_சிஸ்டம்ஸ்

எல்லோருக்கும் நன்றி சார். தலைமை அலுவலகத்துக்கு டன்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, ஜிஎஸ்1 முன்னொட்டும் இருக்கிறது. இப்படி முடிவு செய்திருக்கிறோம்:

அமெரிக்கா: புரொடக்‌ஷன் 01, டன்ஸ். டெஸ்ட் இசட்இசட், டன்ஸ் + டி. ஜிஎஸ் 02-ல் அந்தந்த ஐடியே, வெற்றிடம் இல்லாமல்.
ஜெர்மனி: யுஎன்பி-யில் ஜிஎல்என், 14. ஏஎஸ்2 பெயரும் அதே ஜிஎல்என். டெஸ்ட் சர்வருக்கு மட்டும் பின்னால் டி.

இதை எக்ஸெல் படிவத்தில் நிரப்பி இன்று அனுப்புகிறோம்.

---

மேப்பிங்_மேசை

தேர்வு சரி. ஜெர்மன் பையரிடம் ஒன்று கேளுங்கள்: டெஸ்ட்டில் யுஎன்பி ஐடியும் மாற வேண்டுமா, அல்லது யுஎன்பி-யின் கடைசியில் டெஸ்ட் குறி 1 மட்டும் போதுமா?

எக்ஸெல் என்றதும் இன்னொன்று. நிரப்பும் முன் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கும் டன்ஸ் 8 இலக்கமாகிவிடும். 13 இலக்க ஜிஎல்என் 8.90123ஈ+12 என்று சுருங்கும், அதை சிஎஸ்வி-யாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அனுப்பும் கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து இலக்கங்களை எண்ணிவிட்டு அனுப்புங்கள்.